ஓடை மணலில் மூன்று பானைகள்

சவரியார்பட்டி,
1893 செப்டம்பர் 20

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி பங்கிராசுக்கு அக்காள் இருதயம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவேன். இந்தத் தடவை அதற்கு அவசியமில்லை. நீ வெகு சுகமாக இருக்கிறாய் என்பது பத்திரிகையில் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவாமியார் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். பட்டணத்துக் காலேஜில் சரித்திரமும் ராஜ்ய சாஸ்திரமும் படிப்பிக்கிற நம் ஊர்ப் பிள்ளை எழுதியது என்று அவருக்குப் பெருமை. உன் மச்சான்தான் கோயில் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தார். கவர்னருடைய சபைக்கு இனி ஜனங்களும் ஆள் அனுப்பலாம் என்ற புதுச் சட்டத்தைப் பற்றி நீ எழுதியிருந்த வரைக்கும் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தது. "மதுரை ஜில்லாவில் மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே இரண்டு தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் பாலம் எந்த இடத்தில் கட்டுவது என்று மூன்று வருஷமாகச் சண்டையிட்டு, பாலமே இல்லாமல் இருக்கிறார்கள். தங்கள் ஓடையைத் தாண்டத் தெரியாதவர்களா ராஜ்யத்தை ஆளப்போகிறார்கள்?"

மச்சான் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார். பத்திரிகையை மடித்துச் சுவாமியார் கையில் கொடுத்தார். "எம் மச்சினன் நல்லாத்தான் எழுதியிருக்காக," என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. அதைக்கூட அவர் சொல்லவில்லை.

நீ எழுதியது பொய் இல்லை. நம் கோயில் சந்தில் பாலம் வந்தால் நம் சப்பரம் அந்தப் பக்கம் வந்துவிடும் என்று மேலத்தெருவார் பயந்தார்கள். காளியம்மன் கோயில் பக்கம் வந்தால் அவர்கள் கொட்டுமேளம் நம் தெருவுக்குள் வரும் என்று நாம் பயந்தோம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சர்க்காருக்கு மகஜர் எழுதிப் போட்டதும் உண்மைதான்.

ஆனால் போன ஐப்பசியில் ஓடையில் வெள்ளம் வந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. மேலத்தெரு ராஜாத்திக்கு வலி கண்டது. மருத்துவச்சி சந்தனம்மாள் நம் கரையில் நின்றாள். தண்ணீர் வடியும்வரை நின்றாள். அவள் அக்கரை போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. அன்றைக்கு ராஜாத்தியும் கோயில் முற்றத்துக்கு வெளியே நின்று நீ எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலத்தெருவார் சிலர் கேட்க வந்திருந்தார்கள்.

உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. திட்டாமலும் எழுத முடியவில்லை.

உன் அக்காள்,
இருதயம்மாள்

*

சாந்தோம், சென்னப்பட்டணம்,
1893 அக்டோபர் 3

அன்பும் மரியாதையும் உள்ள அக்காளுக்கு,

கடிதம் கிடைத்தது. ராஜாத்தியின் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த உதாரணத்தை எடுத்திருக்க மாட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்று நினைத்து என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லாவிட்டால் ஊராருக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தேனோ. மச்சானிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கோபித்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் அக்கா, நான் சொன்ன கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. வோட்டுப் போடுவது என்பது கையைத் தூக்குவதல்ல. தோற்றவன் தோற்றதை ஒப்புக்கொள்வது. அது நம் ஜனங்களுக்கு இன்னும் பழகவில்லை. இங்கே பெரிய வக்கீல்களுக்கே பழகவில்லை.

மேலும் அந்தப் புதுச் சட்டத்தில் 'தேர்தல்' என்ற சொல்லே கிடையாது. அதைப் பார்லிமெண்டார் சாமர்த்தியமாக விட்டுவிட்டார்கள். முனிசிபாலிடிகளும் ஜில்லா போர்டுகளும் ஓர் ஆளை 'சிபார்சு' செய்யலாம். அவரைக் கவர்னர் 'நியமிப்பார்'. பிடிக்காவிட்டால் வேறு பெயர் அனுப்பச் சொல்வார். நம் பக்கத்து யூனியன் பஞ்சாயத்துக்கு அதுகூட இல்லை. தாலூகா போர்டுக்குத் தலைவராயிருக்கிற டிப்டி கலெக்டர் யாரை நினைக்கிறாரோ அவர் மெம்பர். நம் ஊருக்கு உத்தமபாளையத்தில் குடியிருக்கும் சுயம்புலிங்கம் மெம்பராக இருப்பது அப்படித்தான். ஊரார் சண்டை போடாமல் இருந்திருந்தாலும் அவர் பாலம் கட்டியிருப்பாரா என்பது வேறு விஷயம். அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

இதோ, மலையைக் குடைந்து திருவாங்கூர் ஆற்றை நம் பக்கம் திருப்புகிற சர்க்காருக்கு ஒரு சின்ன ஓடைமேல் நாலு கல் வைக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கலாம். இப்போது தோன்றி என்ன செய்ய.

தங்கள் தம்பி,
பங்கிராஸ்

*

சவரியார்பட்டி,
1894 ஜனவரி 28

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு ஆசீர்வாதம். மூன்று மாதத்துக்கு மேல் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமல்ல. கொஞ்சம் கோபம், மீதி அறுப்பு. இப்போது எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. உன்னிடம் கேட்கச் சட்டமும் இருக்கிறது.

சுயம்புலிங்கம் ஐயா போடிநாயக்கனூரில் கடை போட்டு அங்கேயே குடிபோய்விட்டார். மெம்பர் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டதும் நான் உன் கடிதத்தில் இருந்த 'சிபார்சு' என்ற சொல்லை மச்சானிடம் சொன்னேன். "பட்டணத்துல முனிசிபாலிட்டிக்காரக சிபார்சு பண்ணலாம்னா நாம ஏன் பண்ணக் கூடாது? சட்டம் கேக்கலைன்னா என்ன, வேண்டாம்னும் சொல்லலையே," என்றேன். அவர் வெகுநேரம் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே மேலத்தெரு ஒச்சாண்டியைப் பார்க்கப் போனார்.

எங்கே கூடுவது என்பதிலேயே சண்டை. "ஒங்க பள்ளிக்கூடத்துக்கு நாங்க வரமாட்டோம்," என்றார் ஒச்சாண்டி. அம்மன் கோயில் வாசலுக்கு நம்மவர்கள் போக மாட்டார்கள். கடைசியில் ஓடைக்குள்ளேயே கூடினோம். இப்போது காய்ந்த மணல்தான். அது யார் தெருவும் இல்லை.

வரி கட்டுகிற வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று பேசினார்கள். இரண்டு பானை. ஒன்று மச்சானுக்கு, ஒன்று ஒச்சாண்டிக்கு. யார் எதில் போடுகிறார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது என்று மச்சான்தான் ஏற்பாடு செய்தார். நாலு கம்பு நட்டு வேட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். பாதி வீட்டில் ஆண்பிள்ளைகள் மலைமேல் அணை வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டுக் கொட்டையை யார் போடுவது? "பொம்பளைக போடட்டும், வீட்டு ஓட்டுத்தானே, ஆள் ஓட்டா?" என்று ஒச்சாண்டியே சொல்லிவிட்டார். மேலத்தெருவில் வீடு அதிகம். எப்படியும் தாம்தான் என்று அவருக்குத் தைரியம்.

அப்போது ராஜாத்தி தண்ணீர்க் குடத்தோடு ஓடையில் இறங்கி வந்தாள். குடத்துத் தண்ணீரை மணலில் ஊற்றினாள். வெறும் குடத்தை அந்த இரண்டு பானைக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இது சங்கிலி அத்தைக்கு," என்றாள்.

உனக்குச் சங்கிலியம்மாளை ஞாபகம் இருக்கும். மேலத்தெருக் கடைசியில் புருஷன் போனபின் நிலத்தைத் தானே உழவு வைத்துப் பார்க்கிறாளே, அவள். பட்டா அவள் பெயரில். வரியும் அவள் பெயரில். அவளும் அங்கேதான் நின்றாள். "ஏ ஆத்தா, என்னைய எதுக்கு இழுக்குறே," என்றாள். யாரும் குடத்தை எடுக்கச் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தபோது குடத்தில்தான் அதிகம். மச்சான் இரண்டாவது. ஒச்சாண்டி மூன்றாவது. மூன்றாவது ஆனதில் அவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மச்சான் மட்டும் மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நம் வீட்டுக் கொட்டையைத் தனக்குத் தானே போட்டுக்கொள்வது அழகல்ல என்று அவர் என் கையில் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "நீ எதுலே போட்டே?" என்று கேட்டார். "கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக," என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

பெயரை எழுதி எல்லோரும் கைநாட்டு வைத்து டிப்டி கலெக்டருக்கு அனுப்பினோம். அது திரும்பி வந்துவிட்டது. மெம்பர் என்று சட்டத்தில் சொல்வது ஆண்பிள்ளையைத்தான், பெண்பிள்ளை பெயர் செல்லாது என்று அவருடைய குமாஸ்தா குறிப்பு எழுதியிருக்கிறார். அது சரிதானா? சட்டம் படித்தவன் நீதான் சொல்ல வேண்டும். சரி என்றால் சரி என்று எழுது. எங்களுக்காக வளைத்து எழுத வேண்டாம்.

உன் அக்காள்,
இருதயம்மாள்

*

சாந்தோம்,
1894 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காளுக்கு,

தங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் வக்கீல் சின்னச்சாமியிடம் காட்டினேன். அவரும் நம் மதுரைப் பக்கத்துக்காரர்தான். "இதுல சந்தேகம் என்ன இருக்கு? 'அவன்'னு சொன்னா ஆம்பளை. குமாஸ்தா சரியாத்தான் எழுதியிருக்காரு. விடும் ஓய்," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதித் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். வாசலில் செருப்பைப் போட்டபின் மனம் கேட்கவில்லை. தபாலாபீசுக்குப் போகாமல் காலேஜ் புஸ்தகசாலைக்குப் போனேன்.

அக்கா, சட்டங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கே தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. எல்லாச் சட்டத்துக்கும் அது பொது. பரீட்சைக்காக நான் அதை நெட்டுருப் போட்டிருக்கிறேன். அதில், ஆண்பாலில் சொல்லப்பட்ட சொல் பெண்பாலையும் சேர்த்தே குறிக்கும், இடத்தைப் பார்த்தால் அப்படிக் கொள்ள முடியாது என்றால் ஒழிய, என்று இருக்கிறது. வரி விதிக்கிற இடத்திலும் 'அவன்' என்றுதான் இருக்கிறது. அந்த 'அவன்' சங்கிலியம்மாளைக் குறிக்காது என்று யாரும் அவளிடம் வரி வாங்காமல் விடவில்லை. அப்படியானால் மெம்பராகும் இடத்தில் மட்டும் எப்படிக் குறிக்காமல் போகும்?

இதைச் சின்னச்சாமியிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "வாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, 'ஒழிய'ன்னு, அதுல துரைமாரு யானையையே ஓட்டிட்டுப் போயிருவாக," என்றார். உண்மைதான். வளைத்து எழுத வேண்டாம் என்றீர்கள், அதனால் சொல்கிறேன். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நியமித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. முன் உதாரணம் இல்லை என்று சொல்லி ஒதுக்க அவர்களுக்கு இடமிருக்கிறது.

உங்களுக்காக ஒரு மகஜரை ஆங்கிலத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வரைந்தவன் என்று கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். போடாமல் விடலாம் என்று ஒரு பகல் முழுக்க நினைத்தேன். கிராமத்தாருக்குத் தகுதியில்லை என்று எழுதியவனே அவர்களுக்காக எழுதினான் என்று பத்திரிகைக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். என் பெயரில் கட்டுரை வந்தபோது சந்தோஷப்பட்டேன் அல்லவா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தோற்றதில் மச்சானுக்கு உண்மையிலேயே வருத்தமில்லையா?

தங்கள் தம்பி,
பங்கிராஸ்

*

சவரியார்பட்டி,
1894 மே 17

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு ஆசீர்வாதம். மச்சானுக்கு வருத்தம் இருந்தது. ஒரு வாரம் இருந்தது. பிறகு அவர்தான் உன் மகஜரை எடுத்துக்கொண்டு, சங்கிலியம்மாளை வண்டியில் ஏற்றி, கோம்பைக்குப் பக்கத்தில் டிப்டி கலெக்டர் முகாம் போட்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். என்னையும் கூட வரச் சொன்னார். ஒச்சாண்டியும் வந்தார். எதிர்த்துப் பேசத்தான் வந்தார்.

டிப்டி கலெக்டர் கும்பகோணத்துப் பக்கத்து ஐயர். வயசானவர், பொறுமைசாலி. உன் மகஜரை இரண்டு தடவை படித்தார். கூடாரத்து வாசலில் நின்ற சங்கிலியம்மாளை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா, அத்தனை ஆம்பிளைகள் இருக்கிற சபையிலே நீ எப்படி உட்காருவே?"

"எல்லாரும் உக்கார்ற மாதிரிதான் சாமி. நிக்கச் சொன்னா நிக்கிறேன்."

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. படிச்சுக் காட்ட ஆள் இருக்கு." என்னைக் காட்டினாள்.

"ஊரிலே ஆம்பிளை யாரும் கிடைக்கலையா?"

இதற்கு அவள் பதில் சொல்வதற்குள் ஒச்சாண்டி முன்னால் வந்தார். அவர் சொன்னது இதுதான்: "சாமி, எனக்கு இந்தப் பொம்பளைய மெம்பராக்குறதுல இஷ்டமில்லை. நாந்தான் ஆகணும்னு நெனைச்சேன். ஆனா ஓடைக்குள்ள எல்லாரும் வச்சு எண்ணுனது. நானும் கூட நின்னு எண்ணுனேன். எண்ணுனதை இல்லேங்க முடியுமா?"

டிப்டி கலெக்டர் மகஜரை மறுபடி எடுத்துப் பார்த்தார். சட்டம் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் வழக்கமில்லாததைச் செய்யத் தமக்குத் தைரியமில்லை, வேறு பெயர் அனுப்புங்கள், உடனே உத்தரவு போடுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

ஊர் வந்ததும் மறுபடி ஓடையில் கூடினோம். மச்சான் தம் பெயரை விலக்கிக்கொண்டார். ஒச்சாண்டி விலக்கிக்கொள்ளவில்லை. "தோத்தாலும் நிப்பேன்," என்றார். முன்னைவிட அதிகக் கொட்டை குடத்தில் விழுந்தது. அதே பெயரை அனுப்பினோம். மறுபடி திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம்.

நேற்று உத்தரவு வந்தது. சுயம்புலிங்கம் ஐயா விட்டுப்போன மீதிக் காலத்துக்கு மட்டும், ஊரார் விருப்பத்தை முன்னிட்டு, சங்கிலியம்மாள் நியமிக்கப்பட்டிருக்கிறாள். இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியைச் சங்கிலியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "சரி, கொள்ள வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டாள்.

உன் அக்காள்,
இருதயம்மாள்

*

சாந்தோம்,
1894 அக்டோபர் 20

அன்புள்ள அக்காளுக்கு,

பாலம் கட்டி முடிந்துவிட்டது என்று மச்சான் தம் கையாலேயே எழுதியிருந்தார். அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோயில் சந்திலும் இல்லாமல் அம்மன் கோயில் பக்கமும் இல்லாமல், மேலே ஓடை குறுகுகிற பாறையில் கட்ட வைத்தாளாமே சங்கிலியம்மாள். அகலம் குறைவு, அதனால் கல் குறைவு. சப்பரமும் போகாது, மேளமும் போகாது, மனிதர் மட்டும் போகலாம் என்று மச்சான் எழுதியிருந்ததைச் சின்னச்சாமிக்குப் படித்துக் காட்டினேன். மூன்று வருஷமாக அந்த இடத்தை ஒருவரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நானும் அந்த ஊர்தான், எனக்கும் தோன்றவில்லை என்றேன்.

பத்திரிகைக்காரர் கேலி செய்தார். பிறகு, இதையே எழுதித் தாருங்கள் என்றார். எழுதியிருக்கிறேன். ஆனால் போன தடவை போல அச்சில் வந்தபின் ஊர் படிக்கும்படி விடமாட்டேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். முக்கியமாக ராஜாத்தி இருக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். யார் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றுகிறேன்.

முதல் கட்டுரையில் நான் எழுதியது தவறு என்று இதில் சொல்லியிருக்கிறேன். சுயராஜ்யத்துக்கு வேண்டியது ஒற்றுமை. அந்த ஒற்றுமையைச் சவரியார்பட்டி அடைந்துவிட்டது என்று முடித்திருக்கிறேன். முடிவு நன்றாக வந்திருப்பதாக எனக்கே ஓர் எண்ணம்.

கிறிஸ்மசுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
பங்கிராஸ்

*

சவரியார்பட்டி,
1894 நவம்பர் 11

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு ஆசீர்வாதம். வண்டி வரும். மச்சானே ஓட்டிக்கொண்டு வருவார்.

உன் கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு மேலத்தெருவார் இன்னும் வருவதில்லை. ஓடையிலோ தண்ணீர். அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாமும் நிற்க, நான் நடுவில் நின்று படித்தேன். ராஜாத்தி முழுவதும் கேட்டாள். அவள் பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருந்த இடம் வந்ததும் நான் நிறுத்தி அவளைப் பார்த்தேன். "படிங்க மதினி," என்றாள். படித்து முடித்ததும், "இருக்கட்டும். போடச் சொல்லுங்க," என்றாள். மருத்துவச்சி சந்தனம்மாளுக்குத் தன் பெயர் பட்டணத்தில் அச்சாகப் போகிறது என்று வெட்கம். டிப்டி கலெக்டரைப் பற்றி நல்லபடியாக எழுதியிருப்பது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். பாவம், அவருக்கு இடமாற்றம் ஆகிவிட்டது; இதனால்தானா என்று தெரியவில்லை.

கடைசி வரி மட்டும் கூடாது என்று சங்கிலியம்மாள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒத்துமையா ஆயிட்டோம்னு எழுதியிருக்காக. எங்கன ஆனோம்? போன வாரம் வெள்ளத்துல மரம் வந்து பாலத்துக் கல்லுல அடைச்சுக்கிருச்சு. அதை யாரு எடுக்குறதுன்னு ரெண்டு தெருவும் இன்னும் மல்லுக்கட்டுது. ஒத்துமை வந்தாத்தான் எல்லாம் நடக்கும்னு எழுதினா, அது வார வரைக்கும் எவனும் கல்லைத் தூக்க மாட்டான். சண்டை போட்டுக்கிட்டேதான் கட்டுனோம்னு எழுதச் சொல்லு. அதான் நெசம்."

அந்த வரியை அடித்துவிட்டு இதைப் போடு.

இதைப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நல்ல வெயில். காலுக்குக் கீழே தண்ணீர் போகிறது. உன் மச்சானும் ஒச்சாண்டியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்த மரத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் இழுப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மரம் அசைய ஆரம்பித்திருக்கிறது.

உன் அக்காள்,
இருதயம்மாள்